டப்பாவுக்குள் ஆறு மாத சூரியன்

ஜூன் 21 அன்று மாடிக் கைப்பிடிக் கம்பியில் கட்டிய டப்பாவை டிசம்பர் 21 அன்றுதான் அவிழ்த்தேன். சூரியன் தினமும் போகும் பாதையை ஒரே தாளில் பதிக்கும் கேமரா அது. பார்த்தால் வெறும் குளிர்பான டின். பக்கவாட்டில் 0.3 மி.மீ. ஊசித்துளை, உள்ளே வளைத்துச் செருகிய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தாள். லென்ஸ் கிடையாது. துளைமேல் ஒட்டிய டேப்தான் ஷட்டர். முந்தைய முயற்சியில் மூன்றாம் மாதமே காற்று டப்பாவைத் திருப்பிவிட்டதால் படத்தில் இரண்டு தொடுவானங்கள் விழுந்திருந்தன. இந்த முறை நாலு இடத்தில் கம்பி முறுக்கிக் கட்டினேன்.

தாளை டெவலப்பரில் (படத்தைத் தோன்றவைக்கும் ரசாயனக் கரைசல்) போடக்கூடாது, முழுக்கக் கறுத்துவிடும். மாதக்கணக்கில் விழுந்த வெளிச்சமே தாளில் பூசிய வெள்ளி உப்பை வெள்ளித் துகளாக்கிப் படத்தை வெளியே கொண்டுவந்திருக்கும். துகள்கள் அவ்வளவு பொடி என்பதால் கறுப்பு வெள்ளைத் தாளில் ஊதாவும் செம்பழுப்பும் தெரியும். இருட்டறையில் மூடியைத் திறந்து, மங்கலான சிவப்பு விளக்கில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது கை நடுங்கியது.

ஸ்கேன் செய்து, நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்றி, இடவலம் திருப்பினேன். வானம் முழுக்க ஒளி வில்கள். ஒரு வில் என்றால் ஒரு பகல். என் டப்பாவில் சூரியனின் கோடு 1 மி.மீ. கூடத் தடிமன் இல்லை.

நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வில்களின் இடைவெளியைத்தான். செப்டம்பர் கடைசியில், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, சூரியன் தினமும் சுமார் 0.4 பாகை தள்ளிப் போகிறது. தன் அகலத்தில் முக்கால் பங்கு தள்ளுகிறது. அதனால் அக்டோபரில் நாலு நாள் விடாமல் பெய்த மழை, படத்தில் பட்டையான ஒரு கறுப்புக் கோடு. எனக்கு அந்த நாலு நாளும் நினைவிருக்கிறது, காய்ச்சலில் படுத்திருந்தேன். ஆனால் ஜூன், டிசம்பர் ஓரங்களில் சூரியன் திரும்புமுன் நின்று யோசிப்பது போலத் தயங்குகிறது. 10 நாள் போனாலும் தன் அகலத்தைத் தாண்டுவதில்லை. ஜூன் கடைசியில் ஒரு வாரம் மேகமூட்டம் இருந்தது. அந்த வாரத்தின் தடயமே இல்லை. அடுத்து வந்த வெயில் அதே தடத்தில் நடந்து அடைத்துவிட்டது.

இங்கிலாந்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் 2012-இல் அப்போது கலை மாணவியாக இருந்த ரெஜினா வால்கன்போர்க் இதே மாதிரி வைத்த பீர் டின் கேமரா மறந்துபோய், 2020-இல்தான் கண்ணில் பட்டது. அதில் 2,953 வில்கள். அந்தப் படத்தில் இப்படி எத்தனை மழைகள் அடைபட்டிருக்கும் என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

தாளை ஃபிக்ஸ் செய்யவில்லை, அதாவது மேலும் வெளிச்சம் பட்டாலும் மாறாதபடி ரசாயனத்தில் நிலைப்படுத்தவில்லை. செய்தால் படம் பெரிதும் வெளுத்துவிடும். ஸ்கேனரின் விளக்கே தாளைக் கறுக்க வைக்கும் என்பதால் முன்னோட்டம்கூடப் பார்க்காமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தேன். இப்போது அது கறுப்புக் கவருக்குள் இருக்கிறது. அதன்பிறகு இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது முறை, அக்டோபர் மழை கொஞ்சம் மங்கியிருந்தது.