மனசு அந்த அணியில், வாய் இந்த அணியில்

2024 மே 12, ஞாயிறு, கோட்டையூர்

வாசகசாலைக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வருகிற 27-ஆம் தேதியோடு நேரு இறந்து 60 வருஷம். அதற்கு முந்தின நாள் ஞாயிறு என்பதால் அன்று மாலை பட்டிமன்றம். தலைப்பு: ‘நேருவின் பெரும்பிழை வெளியுறவிலா, உள்நாட்டிலா?’

நினைவு நாளில் போய்ப் பிழையைப் பேசுவதா என்று கேட்டேன். “புகழ்ந்து பேசினா யாருண்ணே உட்காந்து கேப்பாங்க?” என்றார் செயலாளர். அதுவும் சரிதான். கம்பன் விழா மேடையில் ராமனையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டுப் பழகிய ஜனம் இது. நேரு எம்மாத்திரம்.

எனக்கு வெளியுறவு அணியில் முதல் பேச்சு. என் மனசு என்னவோ உள்நாட்டுப் பக்கம். சொன்னேன். “மனசு அங்க இருக்கட்டும்ணே, வாயை இந்தப் பக்கம் குடுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நான் சோறு தின்றது சிக்ரியில், காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய ஆய்வகம். அவர் வைத்த கல்லைத் தாண்டித்தான் பணிக்காலம் முழுக்க உள்ளே போனேன். இப்போது அவர் மேலேயே கல்லெறியக் கூப்பிடுகிறார்கள்.

மே 14, செவ்வாய்

கத்திரி வெயில். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பாயை விரித்துப் பழைய புத்தகங்களைப் பரப்பிக்கொண்டேன். சீனாவை விட்டுவிட்டு வெளியுறவு பேச முடியாது, அதனால் அங்கிருந்தே தொடங்கினேன்.

வரிசையாகப் படித்தால் வயிறு எரிகிறது. 1950 நவம்பர் 7-இல் பட்டேல் திபெத்தைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதுகிறார். அடுத்த மாதம் அவரே போய்ச் சேர்ந்துவிடுகிறார். 1954-இல் சீனாவோடு பஞ்சசீல ஒப்பந்தம். திபெத்தில் நமக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருந்த தபால், தந்தி, காவல்படை உரிமைகளை எல்லாம் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு எல்லைக்கோட்டைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்கவில்லை. செட்டிநாட்டில் பெட்டியடியில், கல்லாவில், உட்கார்ந்த சின்னப் பையன்கூடக் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடுக்க மாட்டான்.

அப்புறம் லடாக் பக்கத்து அக்சாய் சின்னில் அவர்கள் சாலையே போட்டு முடித்த பிறகுதான் நமக்கு விஷயம் உறைக்கிறது. 1961 நவம்பரில், முன்னேறிப் போய்ச் சாவடி போடுங்கள் என்று உத்தரவு. சாவடிக்குச் சாப்பாடும் துப்பாக்கியும் எப்படிப் போகும் என்பதற்கு உத்தரவு இல்லை. 1962 அக்டோபர் 12-இல் நேரு கொழும்புக்குக் கிளம்பும்போது, நம் மண்ணிலிருந்து அவர்களை விரட்ட ராணுவத்துக்குச் சொல்லியாயிற்று என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறார். எட்டாம் நாள் சீனப்படை இறங்கிவிட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது சண்டையில் தோற்றது இல்லை. 1959-இல் தளபதி திம்மய்யா ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். நேரு அவரைத் தாஜா செய்து திரும்ப வாங்க வைக்கிறார். வாங்கின பிறகு நாடாளுமன்றத்தில் அவரையே மட்டம் தட்டுகிறார். அதன் பிறகு எந்த அதிகாரி எழுந்து ‘முடியாது சார்’ என்று சொல்வான்? பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், ஜெனரல் கவுல், உளவுத்துறை மாலிக் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம், சீனா பெரிதாக எதுவும் செய்யாது என்று அவர் கேட்க விரும்பியதையே சொன்னார்கள்.

இதைத்தான் மேடையில் வைக்கப் போகிறேன். எட்டு நிமிஷத்துக்குப் போதும்.

மே 17, வெள்ளி

பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணன் பள்ளத்தூரிலிருந்து வந்தார், சிவப்புத் துணியில் கட்டிய ஒரு பேரேட்டோடு. ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனபோது எழுதியது, பெகு பக்கத்துக் கணக்கு.

“சீனாவை எவன் வேணாலும் பேசுவான். நீ செட்டிநாட்டுல நின்னு பேசுற. பர்மாவைச் சொல்லு. கைதட்டு நிக்காது” என்றார்.

அவர் கட்சி இது: 1948-இல் பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. அங்கே பிரதமர் ஊ நூ நேருவின் சிநேகிதர். நேரு ஒரு பிடி பிடித்திருந்தால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) நிலத்துக்கு ஒழுங்கான இழப்பீடு வந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் ஒன்று அந்த நாட்டுக் குடிமகனாகட்டும், இல்லாவிட்டால் அயலாராக இருந்துகொண்டு அதற்குரியதோடு திருப்திப்படட்டும் என்று அவர் கொள்கை பேசிவிட்டார். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-இல் கடை கண்ணியும் போயிற்று. கப்பலில் வந்து இறங்கியவர்கள் பெயரில் காரைக்குடியில் இன்றைக்கும் பர்மா காலனி இருக்கிறது.

பேசும்போது அண்ணனுக்குக் குரல் உடைந்தது. வளவுத் தூணைத் தட்டி, “இந்தத் தேக்கு மட்டுந்தான் மிச்சம்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு, பேரேட்டை வைத்துவிட்டுப் போனார்.

மே 18, சனி

ராத்திரி நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. டார்ச் வைத்துப் பேரேட்டைப் புரட்டினேன்.

முன்பக்கங்கள் எல்லாம் வட்டிக்கணக்கு. 1930-க்குப் பிறகு எழுத்தே மாறுகிறது. நெல் விலை விழுந்த காலம் அது. வட்டி வரவு குறைந்து, அந்த இடத்தில் ஏக்கர் வரவு ஏறுகிறது. எட்டு ஏக்கர், பன்னிரண்டு ஏக்கர், ஐந்தேமுக்கால் ஏக்கர். கடன் வாங்கியவன் கட்ட முடியாமல் விட்ட நிலம்.

இது ஐயா ஒருவர் கதை இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு வயல். 1938-இல் 25 பங்கு. நாம் வேண்டும் என்று பிடுங்கவில்லை, நமக்கு வேண்டியது பணம், வயல் இல்லை என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையும் அதுதான். ஆனால் எட்டு வருஷத்தில் உழுதவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

விடுதலை பெற்ற ஒரு நாடு முதல் வருஷமே அந்த நிலத்தைத் தன் ஆட்களுக்கென்று எடுக்கிறது. அங்கே போய் இந்தியப் பிரதமர் வட்டிக்கடைக்கு வக்கீலாக நின்றிருக்க வேண்டுமா? இழப்பீட்டை இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம், அது குறைதான். பெரும்பிழை என்று என்னால் சொல்ல முடியாது.

அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

மே 20, திங்கள்

ஆத்தாவுக்கு 90. அவரைப் பெற்றவரும் பர்மாவில் இருந்தவர்தான். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே வந்தவர்களில் ஒருவர். ஆத்தாவிடம், 1948-இல் நேருவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பார்த்தேன் தம்பி.” (மாமனார் பெயர் எனக்கு, அதனால் இந்த வயதிலும் பெயர் சொல்ல மாட்டார்.)

“எப்படி இருந்தார்?”

“குல்லா தெரிஞ்சுச்சு.”

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கப்பச்சி அன்னைக்கு வரல. பர்மா வெள்ளாமை போச்சுன்னு படுத்தே கிடந்தாரு. நாங்கதான் வேடிக்கை பார்க்கப் போனோம்” என்றார். பட்டிமன்றத் தலைப்பைச் சொன்னேன். அதைக் காதில் வாங்காமல், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார்.

மே 22, புதன்

அணித் தோழர்கள் இருவரும் வாட்ஸ்அப்பில் சரமாரியாக அனுப்புகிறார்கள். பாதி குப்பை. கோகோ தீவை நேரு பர்மாவுக்குத் தூக்கிக் கொடுத்தாராம். அந்தத் தீவு 19-ஆம் நூற்றாண்டிலேயே ரங்கூன் நிர்வாகத்துக்குப் போய்விட்டது, 1937-இல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தபோது அதோடு சேர்ந்தே போயிற்று. அடுத்தது, ஐ.நா. பாதுகாப்பு சபை நாற்காலியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், இவர் வேண்டாம் என்றார் என்பது. 1955 செப்டம்பரில் நாடாளுமன்றத்திலேயே, அப்படி முறையாக யாரும் தரவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார். திரைமறைவில் பேச்சு அடிபட்டிருக்கலாம். மேடையில் சொல்ல அது போதாது.

கச்சத்தீவை எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் நேரத்தில் ஊரே பேசிய விஷயம். 1961 குறிப்பு ஒன்றில் அந்தச் சின்னத் தீவுக்குத் தான் முக்கியத்துவமே தரவில்லை என்று நேரு எழுதியது உண்மை. ஆனால் கொடுத்தது 1974-இல், மகள் காலத்தில். அப்பா கணக்கில் எழுதினால் எதிரணி கிழித்துவிடும்.

மே 24, வெள்ளி

எதிரணித் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். செக்காலையில் மருந்துக்கடை வாசலில் மாட்டிக்கொண்டேன்.

“என்ன எடுக்கிறீங்க டீச்சர்? 1959 கேரள ஆட்சிக் கலைப்பா? காஷ்மீர் ஷேக் அப்துல்லா கைதா? அரசியல் சட்ட முதல் திருத்தமா? இந்தி மொழிப் பிரச்சினையா?”

“அதெல்லாம் மத்த ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டேன் சார். நான் பள்ளிக்கூடம்.”

நான் பயந்தது இதற்குத்தான்.

மே 26, ஞாயிறு, இரவு 11 மணி

நூற்றுக்குக் கொஞ்சம் மேலே கூட்டம். நடுவர் கல்லூரிப் பேராசிரியர், எல்லா நடுவர்களையும் போல இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நான் சீனாவை ஒழுங்காகவே பேசினேன். திம்மய்யா இடத்தில் கூட்டம் அமைதியாக இருந்தது. 1962 நவம்பர் 19-ஆம் தேதி ஒரே நாளில் கென்னடிக்கு இரண்டு கடிதம் எழுதி அமெரிக்க விமானப்படையைக் கேட்டதைச் சொன்னேன். அணிசேரா நாட்டின் பிரதமர்! அங்கே நல்ல கைதட்டு. முன்வரிசையில் அண்ணன், பர்மா எப்போது வரும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிஷம் மணி அடித்தது. சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷம் இருந்தது. இலங்கைத் தோட்டத் தமிழர் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லி, அதிலும் நேரு உறுதியாக நின்றார், அவர் போன பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரிதான் 5,25,000 பேரை இங்கே வாங்கிக்கொள்ள ஒப்பினார் என்று, என் அணிக்கு எதிராகவே பேசி முடித்தேன். பக்கத்தில் இருந்தவர் என் காலை மிதித்தார்.

டீச்சர் எழுந்தார். காகிதம் இல்லை.

அரசியல் சட்டம் 45-ஆவது பிரிவு, 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, பத்து வருஷத்துக்குள் என்று கெடு வைத்தது. 1960-இல் கெடு முடிந்தது. 1951-இல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர், 1961-இல் 28 பேர். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் கல்விக்கு ஒதுக்கியதில் நூற்றுக்கு 56 பங்கு தொடக்கக் கல்விக்கு. இரண்டாம் திட்டத்தில் அது 35 ஆகிவிட்டது. கரக்பூர், பம்பாய், சென்னை, கான்பூர், டெல்லி என்று ஐ.ஐ.டி. மட்டும் ஐந்து வந்தன.

“நம்ம ஊருக்கும் ஆய்வகம் வந்துச்சு, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா அதே காலத்துல இதே மெட்ராஸ் ராஜ்யத்துல காமராஜர் 1956-ல சோறு போட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டாரு. முடியாத காரியமா இருந்தா அவரால மட்டும் எப்படி முடிஞ்சுச்சு? சீனாக்காரன் நேருவை ஏமாத்துனான்னு சார் சொன்னாங்க. சரி. பள்ளிக்கூடத்துல நேருவை யாரு ஏமாத்துனா?”

நான் கைதட்டிவிட்டேன். மேடையில் உட்கார்ந்துகொண்டு, எதிரணிக்கு. செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

தீர்ப்பு உள்நாட்டுக்கே. நடுவர் நழுவுவார் என்று நினைத்தேன், இல்லை. டீச்சரின் கேள்வியைத் திரும்பச் சொல்லி முடித்துவிட்டார்.

கீழே இறங்கியதும் அண்ணன், “ஒரு வார்த்தை சொல்லலையேடா” என்றார். பேரேட்டைப் படித்தேன் என்றேன். “படிச்சுமா?” என்றார். படித்ததால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு ஆள் அனுப்புகிறேன், கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

மே 27, திங்கள்

காலையில் ஆத்தா, “யாரு செயிச்சா?” என்று கேட்டார். டீச்சர் என்றேன். “அந்தப் பிள்ளை நல்லாப் பேசும்” என்றார்.

அண்ணன் அனுப்பும் ஆள் பதினோரு மணிக்கு வருவானாம். அதற்குள் பேரேட்டின் கடைசி நாற்பது பக்கத்தைப் போனில் படம் எடுத்துவைத்தேன். ஏக்கர் கணக்கு எதிரே, ஐயாவின் சாய்ந்த தமிழ் எழுத்தில், மவுங் என்றும் மா என்றும் தொடங்கும் பர்மியப் பெயர்கள். ஒரு பக்கத்துக்குப் பதினாறு, பதினேழு.