காகித உறை போதும்

பெங்களூரில் தடயவியல் ஆய்வகத்தில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் கேட்பதெல்லாம் டிஎன்ஏ பற்றித்தான். அதற்கு முந்தைய வேலையை யாரும் கேட்பதில்லை. பார்சல் வந்ததும் பிரித்துவிட மாட்டோம். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா, கடிதத்தோடு வந்த மாதிரி முத்திரையோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்போம்.

ஒருமுறை ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு மடித்து பிளாஸ்டிக் கவரில் அனுப்பியிருந்தார்கள். திறந்ததும் குப்பென்று வாடை. கறைமேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. ஈரத்தில் கிருமிகள் பெருகினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டிருந்தால் போதும். கொண்டுவந்த ஏட்டு கேஜிஎஃப் தமிழர். "பிளாஸ்டிக்ல போட்டாதானே மேடம் பத்திரமா இருக்கும்?" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சிவப்பெல்லாம் ரத்தமும் இல்லை. மாடிப்படிச் சுவரில் சுரண்டியது வெற்றிலை எச்சிலாக இருந்ததுண்டு. கறையைத் தேய்த்தெடுத்த வடிதாளில் முதலில் பினாப்தலீன் கரைசல் ஒரு சொட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. அது விழுந்த சில நொடிகளில் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். பெராக்சைடுக்கு முன்பே நிறம் வந்தால் நம்பக் கூடாது, வேறு ரசாயனத்தின் வேலை. சில காய்கறிச் சாறும் ஏமாற்றும். மனித ரத்தமா என்பது அடுத்த சோதனை, யாருடையது என்பது அதற்கும் அடுத்தது. சினிமாவில் மூன்றும் ஒரே காட்சியில் முடிந்துவிடும்!

கறையில்லாத இடத்திலும் கொஞ்சம் சுரண்டி அனுப்பச் சொன்னால் பலருக்கும் வியப்பு. அது இல்லாவிட்டால், சோதனையில் தெரிவது கறையா, சுவரின் சுண்ணாம்பா என்று எப்படிச் சொல்வது? விஷச் சந்தேக வழக்கில் உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவார்கள். அந்தக் கரைசலிலும் தனியாக ஒரு புட்டி கேட்பது இதற்குத்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணரே சம்பவ இடத்துக்குப் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை அமலாக்க மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். நல்ல சட்டம்தான், ஆனால் ஆள் வேண்டுமே.

சாட்சிக் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் டிஎன்ஏ பக்கமே வரமாட்டார். சட்டையைக் கைப்பற்றிய நாளுக்கும் ஆய்வகம் வந்த நாளுக்கும் நடுவே அது யாருடைய அலமாரியில் இருந்தது என்பார். அதை ஸ்டேஷன் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அது என் கையில் இல்லை.