சம்பளம் வாங்கிக்கொண்டே ஏ.சி.சி.ஏ.: தெலுக் இந்தானிலிருந்து ஒரு வழி

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணக்கியல் பாடம் எடுத்து நல்ல புள்ளி வாங்கிய பிள்ளைகள் நம் தோட்டப் பக்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். அடுத்து என்ன என்று கேட்டால், "கே.எல். போய்ப் படிக்க வசதி இல்லக்கா, கொஞ்ச நாள் வேலைக்குப் போய்ட்டு அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பிப் படிக்க வந்தவர்கள் நான் பார்த்தவரை குறைவு. ஆனால் வேலையையே படிப்பின் பாதியாக ஆக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. நான் அந்த வழியில் வந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். நான் தெலுக் இந்தானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த ஆடிட் ஃபர்மில் ஜூனியராகச் சேர்ந்து, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஏ.சி.சி.ஏ. என்ற பன்னாட்டுக் கணக்காளர் தகுதித் தேர்வை எழுதினேன். அந்த வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. நான் எழுதிய அமைப்பில் ஏ.சி.சி.ஏ.வுக்கு 13 தாள்கள். ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 50 புள்ளி. தாள்களை முடித்தால் மட்டும் உறுப்பினர் ஆக முடியாது. 36 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும், தொழில் ஒழுக்கம் பற்றிய ஒரு பயிற்சியையும் முடிக்க வேண்டும். பலர் கவனிக்காத செய்தி இதில்தான் இருக்கிறது: அந்த 36 மாதத்தைத் தேர்வுக்கு முன்பும் சேர்க்கலாம், தேர்வு எழுதிக்கொண்டே சேர்க்கலாம், முடித்த பிறகும் சேர்க்கலாம். முழுநேரம் கல்லூரியில் படிப்பவர் தாள்களை முடித்த பிறகே பெரும்பாலும் அனுபவக் கணக்கைத் தொடங்குகிறார். ஆடிட் ஃபர்மில் சேர்ந்தவருக்கு இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன. ஆகவே, "தாமதமாகும்" என்று யாராவது பயமுறுத்தினால், எதுவரை எண்ணிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசித் தாள்வரையா, உறுப்பினர் சான்றிதழ்வரையா?

எஸ்.பி.எம். மட்டும் வைத்திருப்பவருக்கு வாசல், ஏ.சி.சி.ஏ.வே நடத்தும் சி.ஏ.டி. (CAT) என்ற அடிப்படைத் தகுதி. அதன் மேல்படியில் எழுதும் மூன்று தாள்களே ஏ.சி.சி.ஏ.வின் முதல் மூன்று தாள்களும் ஆகும், எனவே உழைப்பு வீணாகாது. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்தவர்கள் போதிய தகுதி இருந்தால் நேராக ஏ.சி.சி.ஏ.வில் பதியலாம். எல்.சி.சி.ஐ. என்ற கணக்கியல் சான்றிதழில் மூன்றாம் நிலை வைத்திருக்கும் அண்ணன், அக்காமார் நம் ஊரில் பலர் உண்டு. வேலை கிடைக்க அது நன்றாக உதவும். பாட அமைப்பு அவ்வப்போது மாறுகிறது, அதனால் பதியும் ஆண்டில் ஏ.சி.சி.ஏ. இணையத்தளத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த ஃபர்மில் சேர்வது?

சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "என் அனுபவப் பதிவில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?" ஏ.சி.சி.ஏ. கேட்பது வெறும் மாதக் கணக்கல்ல. ஒன்பது செயல் இலக்குகளை அடைந்ததாகக் காட்ட வேண்டும். அவற்றில் ஐந்து எல்லாருக்கும் பொது, நான்கு நம் வேலைக்கேற்ப நாமே தேர்ந்தெடுப்பவை. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 500 சொற்களில், நாம் உண்மையாகச் செய்த வேலையைச் சொந்த எழுத்தில் எழுத வேண்டும். தகுதிபெற்ற கணக்காளர் ஒருவர் அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். முதலாளி தகுதி பெற்றவராக இருந்தும் "அதெல்லாம் எனக்கு நேரமில்லை" என்றால், நீங்கள் உழைத்த ஆண்டுகள் தாளில் ஏறாது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வேறோர் ஊரில் நான்கு ஆண்டு உழைத்தாள். வந்த நாளிலிருந்து விற்பனை பில்களைக் கணினியில் ஏற்றும் வேலை மட்டும்தான் கொடுத்தார்கள். ஆடிட்டுக்கு ஒருநாளும் அழைத்துப் போகவில்லை. இலக்குகளை எழுத உட்கார்ந்தபோது எழுத அவளிடம் எதுவும் இல்லை. அவள் திறமையில் குறையே கிடையாது, இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

அதனால் நேர்காணலிலேயே பணிவாகக் கேளுங்கள். முதல் ஆண்டு கணக்கெழுதும் வேலை, அடுத்து வரி, அடுத்து ஆடிட் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்களா? தேர்வு விடுப்பு உண்டா? தாள் தேறினால் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்களா? தந்தால் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போடுவார்கள்? எல்லாம் எழுத்தில் வரட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டு வேலைச் சட்டத்தில் பயிற்சி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறையவோ 24 மாதத்தைத் தாண்டவோ கூடாது. ஏ.சி.சி.ஏ. கேட்பதோ 36 மாதம். "பயிற்சியாளர்" என்று எடுத்தால் அந்தக் காலம் முடிந்ததும் என்ன பதவி, என்ன சம்பளம் என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது. வேலை ஒப்பந்தம் என்றால் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இ.பி.எஃப். சேமநிதி, சொக்சோ காப்புறுதி இரண்டும் கட்டப்பட வேண்டும். மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்கும் அலுவலகம் தன் ஜூனியரின் இ.பி.எஃப்.பை விட்டுவைக்கிறது என்றால், அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

அரசாங்கத்தின் எஸ்.எல்.டி.என். என்ற தொழிற்பயிற்சித் திட்டமும் இருக்கிறது. 2005இல் தொடங்கியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு பணியிடத்திலும் மீதி பயிற்சி மையத்திலும் நடக்கும், முடித்தால் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. அலுவலகக் கணக்கெழுதுநராக நிலைபெற நினைப்பவர் விசாரிக்கலாம். கணக்காளராக ஆக நினைப்பவர் ஆடிட் ஃபர்ம் வழியையே பிடியுங்கள் என்பேன்.

சின்ன ஊர் ஃபர்ம் என்றால் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. பெரிய நிறுவனத்தில் ஜூனியருக்குப் பெரும்பாலும் வங்கி இருப்பு, செலவு வவுச்சர் என்று ஒரு மூலைதான் கிடைக்கும். இங்கே பிஸ்கட் டின்னில் ரசீதுகளை அள்ளிக்கொண்டு வரும் லோரிக்காரரின் கணக்கை முதல் சீட்டிலிருந்து வரிப் பாரம்வரை நீங்களே கொண்டுபோவீர்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் இன்னொரு பலமும் இருக்கிறது. பாடநூல் விளக்கத் திணறும் பல விஷயங்கள் நாம் பிறந்து வளர்ந்த இடத்தில் கண்ணெதிரே நடப்பவை.

செம்பனைப் பழம் வாங்கும் ராம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுதோட்டக்காரர்கள் பழத்தைக் கொண்டுவந்து போடுவார்கள், ராம்ப்காரர் மில்லுக்கு அனுப்புவார். மில் கொடுக்கும் விலை பெரும்பாலும் அந்த மாதத்தின் சராசரி எண்ணெய் விலையை ஒட்டியது, ஆகவே மாதம் முடிந்த பிறகுதான் இறுதிக் கணக்கு வரும். டிசம்பர் 31இல் கணக்கு முடிக்கும் ராம்ப்புக்கு டிசம்பர் பழத்தின் எடைச் சீட்டு கையில் இருக்கும், மில்லின் கணக்குத்தாள் ஜனவரியில் வரும். வருமானம் எந்த ஆண்டைச் சேர்ந்தது? பழம் போனது டிசம்பரில், ஆகவே டிசம்பர். சிறுதோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் டிசம்பர். வரவேண்டியது, கொடுக்க வேண்டியது, ஆண்டு முடிவில் பிரிப்பது என்று புத்தகத்தில் மூன்று அத்தியாயமாக இருப்பதை ஒரு கட்டு எடைச் சீட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த ஃபர்மில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா இருந்தார். "சீட்டப் பாத்ததும் டிக் போடாதம்மா. இது எந்த வருசம், யாருக்குக் கடன், எந்தக் கணக்குல உக்காரும்னு மூணு கேள்வி கேட்டுட்டு அப்புறம் பேனாவ எடு" என்பார். தேர்வு மண்டபத்திலும் அந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்டேன்.

ஆடிட் தாளில் சம்பளச் சுற்று வரும். இல்லாத ஆளின் பெயரில் சம்பளம் போவதை எப்படித் தடுப்பது என்பது அதில் வழக்கமான கேள்வி. செக்ரோலை, அதாவது தோட்டத்துக் கூலிப் பதிவேட்டை, அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் சிரமம் வரக்கூடாது. காலையில் ஆள் கூடும் பெரட்டில் ஆள் வந்ததைக் குறிப்பவர் ஒருவர், செக்ரோலில் கூலியைக் கணக்கிடும் கிராணி ஒருவர், பார்த்துக் கையெழுத்திடும் மேனேஜர் ஒருவர். வேலையை இப்படிப் பிரித்து வைப்பதுதான் உள்கட்டுப்பாடு. மூன்றும் ஒரே கையில் இருந்தால் ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்? செக்ரோலிலிருந்து சில பெயர்களை எடுத்து அவர்கள் வேலையில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், இ.பி.எஃப். பாரத்தில் அதே பெயர்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும், வேலையில் கண்ட ஆட்களைத் திரும்பச் செக்ரோலில் தேட வேண்டும். இரண்டு திசையிலும் ஏன் போகிறோம் என்று புரிந்துவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது.

நிதி அறிக்கைத் தாளில் வேளாண்மைக்கென்று ஒரு கணக்கியல் தரநிலை உண்டு. 2016 ஜனவரி 1 முதல் செம்பனை மரத்தை இயந்திரம், கட்டடம் போலச் சொத்தாக வைத்துத் தேய்மானம் போட வேண்டும், மரத்தில் வளரும் பழத்தை மட்டும் நியாய மதிப்பில் காட்ட வேண்டும். கன்று நட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டு காய்ப்பில்லாமல் செலவு மட்டும் ஆகும், பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டு காய்க்கும், அப்புறம் மறுநடவு என்பது நமக்குத் தெரியும். அதனால் காய்க்கும்வரை ஆகும் செலவை ஏன் சொத்தில் சேர்க்கிறார்கள், தேய்மானம் எப்போது தொடங்குகிறது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நம்மை இழுத்துப் பிடிப்பது ஆங்கிலம். அதிலும் கணக்குத் தாள்களில் தப்பிவிடுபவர்கள் ஆடிட் தாளில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே அழகான ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை, குறிப்பான பதிலைக் கேட்கிறார்கள். "மோசடி நடக்கலாம்" என்று எழுதினால் புள்ளி வராது. எந்தத் தொகை கூடுதலாகவோ குறைவாகவோ காட்டப்பட்டிருக்கலாம், ஏன், அதற்கு ஆடிட்டர் என்ன செய்வார் என்று இரண்டு பத்திகளில் எதிரெதிரே எழுத வேண்டும். இதற்கு நான் கண்ட பயிற்சி வேலையிலேயே இருந்தது. ஒவ்வொரு ஆடிட் கோப்பிலும் என் குறிப்பைச் சுருக்கமான முழு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதி, மூத்தவரைத் திருத்தச் சொல்வேன். டியூஷன் வகுப்பைவிட அந்தச் சிவப்பு மை எனக்கு அதிகம் உதவியது. மூன்று மணி நேரத்தில் நூறு புள்ளி, ஆகவே ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். தேர்வு கணினியில்தான். ஏ.சி.சி.ஏ.வின் பயிற்சித் தளத்தில் அதே திரையில் எழுதிப் பழகாமல் போகாதீர்கள்.

எந்த மாதத்தில் எந்தத் தாள் என்பதை ஃபர்மின் வேலைக் காலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியூர் வகுப்பு அட்டவணை சொல்கிறதே என்று போகாதீர்கள். ஆண்டில் நான்கு தேர்வுப் பருவம்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். நம் ஊர் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் டிசம்பரில் கணக்கு முடிப்பவர்கள். தனியார் கம்பெனியின் நிதி அறிக்கை ஆறு மாதத்துக்குள் பங்குதாரர்களுக்குப் போக வேண்டும், கம்பெனி வரிப் பாரத்துக்கு ஏழு மாதம், கடைக்காரர்களின் பி பாரத்துக்கு ஜூன் 30. ஆகவே மே, ஜூன் இரண்டும் ஃபர்மில் மூச்சு விட முடியாத மாதங்கள். அந்த நேரத்தில் கனமான தாளை எழுதப் போவது வீண் செலவு. ஆகஸ்டில் வேலை தணியும், கனமான தாளுக்குச் செப்டம்பர்தான் சரி. மலேசிய வரித் தாளை டிசம்பரில் வையுங்கள். வரிப் பாரங்களைக் கையால் நிரப்பி முடித்த சூடும் அப்போது இருக்கும். முதல் மூன்று தாள்களைப் பருவத்துக்குக் காத்திராமல் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்.

வீட்டில் படிக்க இடமில்லை என்றால் அலுவலகத்தில் ஆறு மணிக்குப் பிறகு உட்கார அனுமதி கேளுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள். அம்மாவுக்குத்தான் கவலை, கடைசி பஸ்ஸைப் பற்றி. ஒருநாள் அந்த அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போனேன், அவரோடு காரில் திரும்புவேன் என்று தெரிந்த பிறகு அம்மா எதுவும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் இந்த ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொள்ளுங்கள், பாதியில் நின்றுபோன பலருக்குக் காரணம் படிப்பாக இருந்ததில்லை.

ஆண்டுச் சந்தா, தேர்வுக் கட்டணம் இரண்டும் பவுண்டில். வெள்ளி மதிப்பு இறங்கினால் நமக்கு ஏறும். சம்பளம் வந்ததும் அதற்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். முன்கூட்டிப் பதிந்தால் கட்டணம் குறைவு.

அனுபவப் பதிவைக் கடைசி ஆண்டுக்கு ஒத்திப்போடாதீர்கள். ஓர் இலக்குக்குப் பொருத்தமான வேலை முடிந்த வாரமே எழுதுங்கள், கையெழுத்தும் அப்போதே வாங்குங்கள். மேற்பார்வையாளர் வேலை மாறிப் போய்விட்டால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஈப்போவுக்கோ கே.எல்.லுக்கோ மாறுவதில் தவறில்லை, குழுமக் கணக்குகள் அங்கேதான் கிடைக்கும். பழைய மாதங்கள் கூடவே வரும், கையெழுத்து மட்டும் இருக்க வேண்டும். ஏ.சி.சி.ஏ. உறுப்பினர் ஆனதும் மலேசியக் கணக்காளர் கழகமான எம்.ஐ.ஏ.வில் விண்ணப்பியுங்கள். 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, அங்கே பதிந்தவர் மட்டுமே இந்நாட்டில் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

எஸ்.பி.எம். முடிவு வரும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து ஃபர்ம்களில் வேலை குவியத் தொடங்கும், அதற்கு முன்பே ஆள் தேடுவார்கள். முன்னோட்டத் தேர்வுப் புள்ளித்தாளின் நகலும் ஒரு பக்கக் கடிதமும் எடுத்துக்கொண்டு, தெலுக் இந்தான் கடைவீதியில் ஆடிட் பலகை தொங்கும் மாடிகளில் நேரில் ஏறிக் கேளுங்கள். இங்கே பல ஃபர்ம்கள் வேலை விளம்பரமே போடுவதில்லை.