மறுக்கும் முன் திருப்பிச் சொல்லுங்கள்

குரூப் 1 நேர்முகத் தேர்வுக்குப் படிப்பவர்கள் தகவல் திரட்டக் காட்டும் அக்கறையை வாதிடப் பழகுவதில் காட்டுவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நண்பர்கள் கூடிப் படித்தபோது நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். ஒருவரை மறுக்க வேண்டுமானால், அவர் சொன்னதை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஏற்கும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு மாலை கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி பற்றிப் பேச்சு வந்தது. "கப்பாபைகஸ் வளர்ப்பு பவளப்பாறையை அழிக்கிறது, நிறுத்த வேண்டும்" என்றான் ஒருவன். மூங்கில் மிதவையில் பாசி கட்டும் தாயின் மகன் கொதித்துப்போனான். "எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?" விதியை நினைவூட்டினோம். "வெளியிலிருந்து வந்த பாசி பவளத்தின் மேல் படரும், அதனால் எங்குமே வளர்க்கக் கூடாது என்கிறாய், சரியா?" என்று கேட்டான். முதலாமவன் சற்று யோசித்து, "எங்குமே என்று இல்லை, தீவுகளுக்குப் பக்கத்தில் கூடாது" என்றான். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது.

மீதிக்கு, தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதினோம். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள், அது தெரிந்தது. பாக் நீரிணைப் பக்கத்து மிதவைகளும் அதே கேட்டைச் செய்கின்றன என்பது எங்கள் ஊகம். 2016இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன, பல செத்தும் போயின. ஆகவே பவளம் செத்த இடத்திலெல்லாம் பாசியைக் குற்றம் சொல்ல முடியாது. அதே சமயம், வெப்பத்தைக் காட்டிப் பாசிக்கு நற்சான்று கொடுக்கவும் முடியாது. இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தன் வாயால் சொன்னவன் அந்தத் தாயின் மகன். அவனிடம் எனக்கு மதிப்பு கூடியது அன்றுதான்.

"அவன் வீட்டுப் பிழைப்பு, அப்படித்தான் பேசுவான்" என்று யாரும் சொல்லக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தோம். பாசியின் விலையும் உழைப்பும் அவனுக்குத் தெரிந்த அளவு எங்களில் யாருக்கும் தெரியாது. பவளத்தைப் பற்றி அவன் சொன்னதற்கு மட்டும் மற்றவர்களைப் போலவே ஆதாரம் கேட்டோம். நினைவில் இல்லாத எண்ணை யாரும் உத்தேசமாக அடித்துவிடுவதில்லை. "சரியாகத் தெரியவில்லை" என்பதே பதில். நேர்முகத் தேர்விலும் அதையே சொல்லுங்கள்.

பயிற்சிக்கு உங்கள் ஊர்ப் பிரச்சினையையே எடுங்கள். எடுத்துக்காட்டாக, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; நாட்டுப்படகுகள் போகலாம். இதில் உங்களுக்குப் பிடிக்காத தரப்பு எதுவோ, அதற்காக முதலில் பேசுங்கள். அந்தத் தரப்புக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.