கல்லாவுக்கு ஒரு வழி, கேமராவுக்கு ஒரு வழி

மதுரை பத்துத்தூண் சந்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. பில் போடும் கணினிகள் நினைத்தபோது இணைப்பை விட்டுவிடுகின்றன என்று கூப்பிட்டிருந்தார்கள். கீழே பில் கவுன்ட்டர்கள், மாடியில் கிடங்கு, மூலைக்கு மூலை கேமரா. எல்லாமே ஒரே சாதாரண ஸ்விட்ச்சில், அதாவது கணினிக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியில், சொருகப்பட்டிருந்தன. வாடிக்கையாளருக்கான வைஃபையும் அதே கூட்டத்தில். ஆடித் தள்ளுபடிக்கு முன் சரியாக வேண்டும் என்றார் முதலாளி. ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பதற்கு வி.லேன் என்று பெயர். அதற்காக, உள்ளே போய் அமைப்பை மாற்றக்கூடிய 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றும், வி.லேன் தெரிந்த சிறிய ரவுட்டர் ஒன்றும் வாங்கச் சொன்னேன். இணையம் கொடுப்பவர்கள் வைத்திருந்த பெட்டிக்கு வி.லேன் தெரியாது. ஸ்விட்ச்சை மட்டும் மாற்றியிருந்தால் காசு தண்டம்.

கடை அடைத்த பிறகுதான் வேலை தொடங்கியது. புது ஸ்விட்ச்சை மேசைமேல் வைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரே கேபிளால் இணைத்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் முகவரி 192.168.0.1 என்று இருந்தது. லேப்டாப்புக்கு 192.168.0.50 என்று கையால் கொடுத்தால்தான் இரண்டும் பேசும். தானாகக் கிடைக்கட்டும் என்று விட்டால் 169.254 என்று தொடங்கும் ஒன்றுக்கும் உதவாத முகவரி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரவுசர் வழியாக ஸ்விட்ச்சின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன், பிறகு ஸ்விட்ச்சின் முகவரியை 192.168.10.2 ஆக்கினேன். 'அப்ளை' அழுத்திய கணமே பக்கம் உறைந்துவிடும். ஸ்விட்ச் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது, லேப்டாப் பழைய வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பையும் 192.168.10.50-க்கு மாற்றினால் பக்கம் திறந்துகொள்ளும். இந்த இடத்தில் பதறிப்போய் ரீசெட் துளைக்குள் குண்டூசியை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

வி.லேன் எண் 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம். பில் கணினிகளுக்கு 10, கேமராக்களுக்கும் அவற்றின் பதிவுப் பெட்டிக்கும் 20, வைஃபைக்கு 30 என்று வைத்தேன். முகவரியின் மூன்றாவது எண்ணும் அதேதான். பின்னால் வருகிறவர் என்னைத் திட்டக் கூடாது. ரவுட்டருக்குப் போகும் 24-ஆவது போர்ட்டில் மூன்றும் டேக்குடன் (எந்த வி.லேன் என்று சொல்லும் அடையாளம்), மற்ற போர்ட்களில் அததற்கு உரியது மட்டும் டேக் இல்லாமல். விலை குறைந்த ஸ்விட்ச்களில் ஒரு வம்பு உண்டு: எந்த வி.லேன் எந்தப் போர்ட் வழியாக வெளியே போகும் என்பது ஒரு பக்கத்தில் இருக்கும், போர்ட்டுக்குள் வருவது எந்த வி.லேனில் சேரும் என்னும் பி.வி.ஐ.டி. வேறொரு பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் விளக்கு பச்சையாகவே மினுக்கும், கணினிக்கு மட்டும் பதிலே வராது.

ஸ்விட்ச்சின் அமைப்புப் பக்கத்தை எந்த வி.லேனிலிருந்து திறக்கலாம் என்று சொல்லும் நிர்வாக வி.லேனை 1-இலிருந்து 10-க்கு மாற்றுவதைக் கடைசிக்கு வைத்தேன். அதுவும், லேப்டாப் சொருகியிருந்த போர்ட் 10-க்குள் வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே. அதுவரை 'சேவ்' பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. சேமிக்காத அமைப்பு மின்சாரம் போனால் அழிந்துவிடும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதைவிட நல்ல காவல் கிடையாது. நம்மையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டால், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால் முன்பு சேமித்த நிலை திரும்பிவிடும். எல்லாம் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சேமித்தேன், பிறகு வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப எழுந்தபோது வி.லேன்கள் அப்படியே இருந்தன. ஸ்விட்ச்சின் பதிவேட்டில் தேதி மட்டும் 1970 ஜனவரி 1. நேர சர்வரைக் குறித்து, இந்திய நேரத்துக்காக 5.30 மணியைக் கூட்டியதும் சரியானது.

ரேக்கில் மாட்டிய பிறகும் ஒரு பில் கணினிக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரியே வந்தது. புது ரவுட்டர் அப்படி ஒன்றைக் கொடுக்கவே கொடுக்காது. அதைக் கொடுத்த கருவியின் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, எடுத்து ஸ்விட்ச்சின் பட்டியலில் தேடினேன்: 17-ஆவது போர்ட். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே மாடிக்குப் போனால், வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் தூசு படிந்த பழைய வைஃபை பெட்டி ஒன்று. கிடங்குக் கணினி அதில்தான் சொருகியிருந்தது. அந்தப் பெட்டி தன் பங்குக்கு டி.எச்.சி.பி. (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலை) நடத்தி, கடை முழுக்க முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. கேமராக்கள்மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தார்கள், பாவம்.

"அண்ணே, அது நாங்கள் பாட்டுக் கேட்பதற்கு வைத்தது" என்றான் கிடங்குப் பையன்.

கிடங்குக் கணினியை நேராக 17-இல் சொருகினேன். பழைய பெட்டியின் டி.எச்.சி.பி.யை அணைத்து, தனிக் கேபிள் இழுத்து 30-இல் சேர்த்தேன், பாட்டுக்குக் குறையில்லை. ஸ்விட்ச்சில், முகவரி யார் கொடுக்கிறார்கள் என்று கண்காணிக்கும் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்கை இயக்கி 24-ஐ மட்டும் நம்பிக்கைக்குரிய போர்ட்டாகக் குறித்தேன். இனி யார் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து சொருகினாலும் அது கொடுக்கும் முகவரி அந்தப் போர்ட்டைத் தாண்டாது. ரவுட்டரில் 20-இலிருந்தும் 30-இலிருந்தும் 10-க்குள் நுழைய முடியாதபடி தடை போட்டேன். அமைப்புக் கோப்பின் நகலைப் பென் டிரைவில் ஏற்றி, போர்ட் வாரியாக எழுதிய தாளோடு முதலாளியிடம் கொடுத்தேன். இரண்டையும் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்.