டர்ஹாமில் மூன்று நாள்

அக்டோபர் 9

வட இங்கிலாந்தின் டர்ஹாம். ரயில் பாலத்தில் ஏறும்போதே பேராலயம் எதிரே நிற்கிறது. வியர் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, செங்குத்தான பாறை மேல், பக்கத்திலேயே கோட்டை. பிரான்சின் வடக்கிலிருந்து வந்து நாட்டைப் பிடித்து முப்பது ஆண்டுகூட ஆகாத நார்மானியர், அதற்கு முன் ஆண்ட சாக்ஸன்களின் ஆலயத்தை இடித்துவிட்டு 1093-ல் இதற்குக் கல் நாட்டினார்கள். கும்பிட வைக்கவா, பயப்பட வைக்கவா என்றால், இரண்டுக்கும்தான் என்பேன்.

உள்ளே உருண்டைத் தூண்கள். ஒவ்வொன்றும் சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் 6.6 மீட்டர். கட்டிப்பிடிக்க நான்கு பேர் வேண்டும். கூரையைப் பார்க்க வந்தவள், தூணைச் சுற்றியே ஒரு மணி நேரத்தைப் போக்கினேன்.

அக்டோபர் 10

இன்றும் தூண்தான் முதலில். நெளிகோடு, சாய்சதுரம், கிழக்குப் பக்கம் திருகு. ஒவ்வொரு கல்லையும் தரையிலேயே செதுக்கி, பிறகு அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லில் முடிகிற கோடு அடுத்த கல்லில் பிசிறில்லாமல் தொடர வேண்டும். நினைத்தாலே கை நடுங்குகிறது.

கழுத்து வலிக்க வலிக்கக் கூரையையும் பார்த்தேன். 1133 வாக்கில் முடிந்த கல் கூரை. தாங்கும் வளைவுகள் விலா எலும்பு போலப் புடைத்து, பெருக்கல் குறியாக ஓடுகின்றன. மூலைக்கு மூலை போகும் வளைவுக்கு அகலம் அதிகம். அதை அரைவட்டமாக எழுப்பினால் உயர்ந்துவிடும். கூடத்தின் குறுக்கே நேராகப் போவது குறுகியது. அதுவும் அரைவட்டமென்றால் குட்டையாக நின்றுவிடும். இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்துக்கு வர, குறுகியதன் நடுவைத் தூக்கிக் கூராக்கிவிட்டார்கள். இரவு விடுதியில் காகிதக் கீற்றுகளை வளைத்துப் பார்த்தேன், சரியாகவே வந்தது. பின்னாளில் ஐரோப்பாவில் பரவிய கோதிக் பாணி ஆலயங்கள் கொண்டாடிய கூர்வளைவு, இங்கே ஒரு கணக்குச் சிக்கலுக்கு விடையாகத்தான் நுழைந்திருக்கிறது.

அக்டோபர் 11

மழை. நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில், தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாதாம். இரண்டு நாளாக அதை மிதித்துத்தான் போய் வந்திருக்கிறேன், கவனிக்கவேயில்லை.

மரியன்னைக்குக் கிழக்குக் கோடியில் ஒரு சிற்றாலயம் எழுப்பப் பார்த்தார்களாம். சுவர் விரிசல் விட்டதும், இங்கே புதைந்திருக்கும் பழங்காலத் துறவி புனித கத்பர்ட்டுக்குப் பெண்கள் ஆகாது என்று அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு, மேற்கே ஆற்றுப் பாறையின் விளிம்புக்கு மாற்றிவிட்டார்கள். அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க ஒரு கொத்தர்கூடவா இல்லை? 1170-களில் எழுந்த அந்த கலிலீ சிற்றாலயத்தின் தூண்கள் மூங்கில் கொத்துப் போல மெலிந்தவை. அந்தப் பருத்த தூண்களுக்குப் பிறகு மூச்சு விட இடம் கிடைத்தது போலிருந்தது.

திரும்பும்போது, அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஒரு சிறுமி நொண்டியடித்துக்கொண்டிருந்தாள்.