நேரு விளையாட்டரங்கை இடிக்க வேண்டாம்

சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்குக்கு வயதாகிவிட்டது, அதை இடித்துவிட்டுப் புறநகரில் புதிதாகக் கட்டலாம் என்று நண்பர்கள் சிலர் வாதிடும்போது, அந்த மண்ணின் முந்தைய கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் கிரிக்கெட் போட்டியில் இந்தியாவின் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை நிலைத்தது. பின்னர் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்துக்கே திரும்பின. 1990களில் இது கால்பந்துக்கும் தடகளத்துக்குமான அரங்காகப் புதிதாக எழுப்பப்பட்டு, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது.

உண்மையான சிக்கல் வயதில் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் மேல் வரிசையில் அமர்ந்து ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்தால், இடையில் ஓடுதளம் விரிந்து கிடப்பதால் எதிர் முனையில் பந்தை அடித்தவர் யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது (அவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை). அதற்காக ஓடுதளத்தை அகற்றச் சொல்வது நியாயமல்ல. கால்பந்துக்குச் சிறிய தனி அரங்கு ஒன்று கட்டுவதே முறை. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய இந்த இடத்தைத் தடகளத்துக்கென வைத்துக்கொண்டு, பழுதானவற்றை மட்டும் படிப்படியாகப் புதுப்பித்தால், வெளியூரிலிருந்து ரயிலேறி வரும் ஏழை மாணவர்களுக்கும் அது எட்டும் தொலைவிலேயே இருக்கும்.